வேலூரா, போளூரா

எங்கள் தெருவில் பகல் முழுவதும் 'டக்கு டக்கு' என்று ஒரு சத்தம் சுவரிலிருந்து முதுகுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆரணியில் பட்டு நெய்கிற தெருக்கள் எல்லாமே அப்படித்தான் என்றாலும், எங்கள் வீட்டில் இரண்டு தறி, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு என்பதால், யார் எது சொன்னாலும் பாதியைத் தறி தின்றுவிட்டு மீதியைத்தான் எங்கள் காதுக்குக் கொடுக்கும். பெரும்பாலும் சொல்லின் தலை போய்விடும், வால் மட்டும் வந்து சேரும். அதற்குப் பொருந்துகிற தலையை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் வைத்த தலைகள் பெரும்பாலும் தப்பானவை. அம்மா உப்பு கேட்டால் பருப்போடு போய் நிற்பேன். அப்பாவின் அக்கா, போளூரில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, ஒருமுறை சீப்பு கேட்டபோது சோப்பை எடுத்து நீட்டினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'சோப்பு'தான். "அடியே சோப்பு, பேசறவங்க மூஞ்சியப் பாத்துக் கேளுடி. தரையிலயா எழுதிகீது?" என்பார். தெருவே சிரிக்கும். அவர் சொன்னது நிஜம். எனக்கு யார் முகத்தையும் பார்க்கக் கூச்சம். பார்த்திருந்தால், சீப்புக்கு உதடு விரிவதும் சோப்புக்குக் குவிவதும் எனக்கும் தெரிந்திருக்கும். கேட்காததைத் திரும்பக் கேட்க அதைவிடக் கூச்சம்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது அம்மா இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தார். துணைக்கு அத்தை வந்திருந்தார். ஒருநாள் விடிந்ததும் அப்பா ஒரு சாவுக்காக எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டுக்குப் போய்விட்டார். அவர் போன சற்று நேரத்துக்கெல்லாம் அம்மாவுக்கு வலி கண்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பார்த்துவிட்டு, இங்கே ஆகாது, வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அப்போது நான் பார்த்தது, வாடகைக் கார் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றதை மட்டும்தான். எஞ்சினை நிறுத்தவில்லை. இரு பக்கத்துத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "...லூரு பெரிய ஆஸ்பத்திரி! அப்பா வந்தா ஜல்தியா வரச் சொல்லு!" என்பது காதில் விழுந்தது. அத்தையின் ஊர் போளூர். அத்தையின் பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான். ஆகவே போளூர். ஆனாலும் மனசுக்குள் ஏதோ இடறியது. எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'சோப்பு' என்பாரே என்று நின்றேன். கார் போய்விட்டது.

பத்தரை மணிக்கு அப்பா வந்தார். "அம்மா எங்கம்மா?" என்றார்.

"போளூரு பெரிய ஆஸ்பத்திரி."

சாவு வீட்டுக்குப் போய்வந்தவர், தலைக்குக்கூட ஊற்றிக்கொள்ளாமல் அப்படியே பஸ் ஏற ஓடினார். போளூர் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகத் தேடி, பூட்டியிருந்த அத்தை வீட்டின் முன் நின்று, திரும்ப ஆரணிக்கு வந்து பக்கத்து ஆஸ்பத்திரியில் விசாரித்து, வேலூர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆறு. என் தம்பி நண்பகலில் பிறந்து நாலு மணிவரை இருந்திருக்கிறான். "கண்ணத் தொறந்து தொறந்து பாத்துகினே இருந்தான். அப்பாவத்தான் தேடினான்" என்று அம்மா சொல்வார்.

அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வேலூருன்னு தொண்ட கிழியக் கத்திட்டுத்தானே போனேன்? நீ எங்கடா போய்ச் சுத்திகினு இருந்த?"

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"பொண்ணு சரியாத்தாங்க்கா சொல்லிச்சு. தறியிலயே குந்திகினு கெடந்து என் காது மந்தமாயிடுச்சு. எனக்குத்தான் போளூருன்னு உழுந்துச்சு."

அதற்குப் பிறகு அப்பா எதையும் இரண்டாம் முறை கேட்கிறவர் ஆனார். "என்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு" என்பார். தெருப்பிள்ளைகள் 'டமாரம்' என்று பெயர் வைத்தார்கள். கோபம் வந்தால் அம்மா, "அந்தக் காதாலதானே எம்புள்ள மொகத்தப் பாக்காம போன" என்பார். அப்பா போய்த் தறியில் உட்கார்ந்துகொள்வார். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் பக்கத்து வீட்டுத் தறியின் தாளம் ஓரடி பிசகினால், "அங்க இழ அறுந்துபோச்சு" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே நெய்வார். அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே தன் காதைத்தான் சந்தேகப்பட்டாரா, என்னைக் காப்பாற்றினாரா என்று அவரிடம் கேட்க முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. கேட்கவில்லை.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. தறிக்குழியை மூடிச் சிமெண்டு பூசி, அதன்மேல் வாஷிங் மிஷின் வைத்திருக்கிறோம். தெருவில் இப்போது யாரும் கத்திப் பேசவேண்டியதில்லை. அம்மா என்னோடு இருக்கிறார். போன வாரம்கூட என் மகளிடம், "உங்க தாத்தாவுக்குக் காது மட்டும் கேட்டிருந்தா, புள்ளைய உசுரோட ஒரு வாட்டியாவது பாத்திருப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்து வாயைத் திறந்தேன். "என்னாடி?" என்றார். காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இவ்வளவையும் எழுத முடிந்தது.