தவநாயகியின் வீட்டுக்காரர்

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் குடியிருந்த தவநாயகிக்கு ஐம்பத்துநான்கு வயதுவரை ஒரு முழுநாள் தனியாக வாய்த்ததில்லை. அப்பா, அண்ணன்மார், புருஷன், பிள்ளைகள், அப்புறம் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஷிப்ட் போடுகிறவன் என்று அவளுடைய நாளை எப்போதும் யாரோ ஒருவர் கையில் வைத்திருந்தார்கள். 1994 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, சிட்னியிலிருந்து லண்டன் திரும்பும் வழியில், சிங்கப்பூர் அவளுக்குப் பதினாறு மணி நேரத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்தது. காலை ஏழுக்கு இறங்கினாள். அடுத்த விமானம் இரவு பதினொன்றுக்கு.

"கதிரையை விட்டு எழும்பாதேங்கோ அம்மா" என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். தவநாயகி அரைமணி நேரம் கதிரையில் இருந்தாள். பிறகு எழும்பினாள்.

இருக்க முடியாமல் செய்தது வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை. அன்று மகன் பாலேந்திராவுக்குக் கல்யாணம். லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அதற்கு முன் காலையில் வீட்டில் மாப்பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்க வேண்டும். பாலில் அறுகம்புல்லைத் தோய்த்து உச்சியில் வைத்து வாழ்த்துவது யாழ்ப்பாணத்தார் வழக்கம். புருஷனின் தமையன் பத்மநாதன் சிட்னிக்கே போன் எடுத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "தவம், அது சுமங்கலியள் வைக்கிறது. நீர் சமையலறைப் பக்கம் நில்லும். பிறகு படம் எடுக்கேக்க வரலாம்."

தவநாயகியின் கணவர் இராஜேந்திரன் இறந்து ஆறு வருஷம். பத்மநாதனின் முதல் மனைவியும் இறந்தவள்தான்; பத்தாம் மாதமே அவர் மறுபடி மாப்பிள்ளையானார். மங்களகரம் அவரை விட்டு ஒரு நாளும் விலகவில்லை. தவநாயகி மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் சிட்னி போய் மூன்று மாதம் குழந்தையின் மலத்துணி கழுவியபோது, கைம்பெண் கை படக்கூடாது என்று யாரும் போன் எடுக்கவில்லை. தவநாயகி போனில் "ஓம்" என்றுதான் சொன்னாள். அந்த ஓமை மூன்று நாளாக அவளால் மறக்க முடியவில்லை.

பஸ் ஏறி நகரத்துக்குப் போனாள். ஆற்றோரத்தில் மீன் உடம்போடு ஒரு சிங்கம் வாயால் தண்ணீர் கக்குவதைப் பார்த்தாள். துப்பினால் அபராதம், குப்பை போட்டால் அபராதம் என்ற பலகைகளைப் படித்து, யாரும் பார்க்காதபோது ஒரு ரொபி மிட்டாய்த் தாளை வேண்டுமென்றே கீழே போட்டாள். பத்தடி நடந்ததும் பயந்து திரும்பி வந்து பொறுக்கிக்கொண்டாள். ஒரு சீனர் கடையில் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய பாணும் கடுங்கோப்பியும் வாங்கி, மேசை முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டு தின்றாள். இன்னும் ஒன்று கேட்டாள்.

சிராங்கூன் சாலையில் பூக்கடை மணம் அவளை இழுத்தது. ஒரு முழம் மல்லிகை வாங்கி, இந்த ஊரில் யாருக்கு என்னைத் தெரியும் என்று தலையில் வைத்தாள். நெற்றியில் ஒட்டுப்பொட்டை அவள் என்றைக்குமே விட்டதில்லை. கழுத்தில் தாலி இல்லாவிட்டாலும் அது கோத்திருந்த தங்கக் கொடி கிடந்தது. தமிழர் வீட்டில் நகை இருக்கும் என்பதை லண்டன் கள்ளர் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதால் அதை வீட்டில் வைக்கப் பயம்.

பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பெயர் பாலாம்பிகை. முகத்தில் கல்யாண வீட்டுப் பதற்றம்.

"சிலோனாம்மா நீங்க?"

"ஓம். இப்ப லண்டனில, மிச்சத்தில."

"மிச்சத்துலன்னா?"

"அது இடத்தின்ர பேர்."

"வீட்டுக்காரர் கூட வரலையா?"

தவநாயகிக்கு விசித்திரமாக இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் கிறிஸ்துநாயகம். அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். அவரை இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

"அவர் ஏன் என்னோட வாறார்? லண்டனிலதான் நிக்கிறார்."

"நல்லா இருக்காரா?"

"கல்லுமாதிரி இருக்கிறார்."

பாலாம்பிகை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு மகளுக்குக் கல்யாணம், இப்போது நலங்கு, அஞ்சு பேர் வைக்கணும், ஒருத்திக்குக் காய்ச்சல், பக்கத்துத் தெருதான், ஒரு புண்ணியம் பண்ணுங்க என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நலங்கு என்றால் தவநாயகிக்குத் தெரியாது. "மஞ்சள் பூசுறதுதாம்மா." கல்யாண வீட்டுக்கு வா, கை வை என்று ஒருத்தி கெஞ்சி ஆறு வருஷமாகிறது. அவள் நடந்தாள்.

"உங்கள நல்லா பாத்துக்கிறாரா?" என்றாள் வழியில் பாலாம்பிகை.

"எங்க பாக்கிறார்! கூரை ஒழுகுது எண்டு ஏழு வருசமாச் சொல்லுறன். அடுத்த கிழமை எண்டுவார். செவன் கிங்ஸில அவருக்கு இன்னொரு வீடு இருக்கு. கூட நேரம் அங்கதான்."

பாலாம்பிகை நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "இன்னொரு வீடா? உங்களுக்குத் தெரிஞ்சேவா?"

"ஊருக்கே தெரியும். அங்க இருக்கிறவைக்குப் புதுக் குளியலறை கட்டிக் குடுத்திட்டார். எனக்கு ஒரு தாழ்ப்பாள் மாத்தித் தரேலாதாம்."

"எப்படிம்மா பொறுத்துக்கிறீங்க?"

"இனிப் பொறுக்கேலாது. கலியாணம் முடிய நோட்டீஸ் குடுத்திட்டு வேற ஆளைப் பாக்கப்போறன்."

"வேற ஆளா? இந்த வயசுலயா?" பாலாம்பிகை நெஞ்சில் கை வைத்தாள். ஆனாலும் நேரமாகிக்கொண்டிருந்தது, சுமங்கலி சுமங்கலிதான். இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் மாடி வீட்டில் மணப்பெண் மணையில் இருந்தாள். பாலாம்பிகை பெண்களின் காதில் ஏதோ ஓத, அத்தனை பேரும் தவநாயகியை இரக்கத்தோடு பார்த்து இடம் விட்டார்கள். அவள் முறை வந்தது. மஞ்சள் கிண்ணத்தைக் கையில் கொடுத்த பெரியவள் கேட்டாள்:

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"கிறிஸ்துநாயகம்."

"கிறிஸ்டியனா? லவ் மேரேஜா?"

 தவநாயகி தெருவில் சொன்னவையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றன. கூரை, குளியலறை, வேறு ஆள்! இந்தச் சனங்கள் புருஷனைத்தான் வீட்டுக்காரர் என்கிறார்கள். மதிலுக்கு மேலால் தலையைக் காட்டிவிட்டு ஓடும் கிறிஸ்துநாயகத்தை மாலையும் கழுத்துமாக நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

அதோடு கோபமும் வந்தது. இரண்டு வீடு வைத்து, கட்டியவளை ஒழுகும் கூரைக்குக் கீழே விட்ட ஒருவன் உயிரோடிருந்தால் போதும். அவள் கை மங்களக் கை. இருபத்தைந்து வருஷம் அவளிடம் ஒரு கடும்சொல் சொல்லாத இராஜேந்திரன் மாரடைப்பில் போனதும் அதே கை தீட்டு. இதையும் ஒரு கணக்கென்று படித்தவர்களும் பட்டணத்தார்களும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஆனால் மணையில் இருப்பவளை ஏமாற்ற அவளுக்கு மனமில்லை. குனிந்து காதோடு சொன்னாள்:

"பிள்ளை, எங்கட தமிழில வீட்டுக்காரர் எண்டா வீட்டுச் சொந்தக்காரன். என்ர மனுசன் செத்து ஆறு வருசம்."

பெண் கண்ணை விரித்தாள். "அப்ப அம்மா சொன்ன அந்த இன்னொரு வீடு?"

"அதுவும் செங்கல் வீடுதான்."

பெண்ணின் தோள்கள் குலுங்கின. "அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க ஆன்ட்டி, மயக்கம் போட்டுருவாங்க. அப்புறம் நானே சொல்லிக்கிறேன். நீங்க வைங்க."

"உமக்குப் பயமில்லையோ?"

"நான் நர்ஸ், ஆன்ட்டி. யாரு எதனால செத்தாங்கன்னு எழுதுற காகிதத்த தினமும் பாக்கிறேன். விதவை கை பட்டுச்சுன்னு ஒண்ணுலயும் எழுதினதில்ல."

தவநாயகி இரண்டு கன்னத்திலும் தாராளமாக மஞ்சள் பூசினாள். "என்னடி சிரிப்பு?" என்று பாலாம்பிகை அதட்டினாள். வாழையிலையில் சாப்பாடு போட்டு, விடைபெறும்போது, "அவசரப்பட்டு வேற ஆள் எதுவும் பாத்துடாதீங்கம்மா" என்று கண்கலங்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மிச்சத்து வீட்டுக் கூடத்துக்குள் பதினான்கு பேர் நெருக்கி நின்றார்கள். பாலேந்திரா ஸ்டூலில் இருந்தான். அறுகம்புல் கிடைக்கவில்லை, பின்தோட்டத்து ஆங்கிலேயப் புல்லையே பறித்துப் பாலில் போட்டிருந்தார்கள். எந்தப் புல்லையும் ஏற்றுக்கொண்ட சாஸ்திரம் பெற்றவளை மட்டும் ஏற்காது என்றது.

"முதல் சோடி வாங்கோ" என்றார் பத்மநாதன்.

தவநாயகி தனியாக வந்து கிண்ணத்தில் கையை விட்டாள்.

"தவம், நான் போனில சொன்னனான்."

"சொன்னீங்கள் அத்தான். ஆனா சிங்கப்பூரில போன வியாழக்கிழமைதான் ஒரு கலியாணப் பொம்பிளைக்கு நலங்கு வைச்சிட்டு வாறன். நல்ல கைராசி எண்டு சாப்பாடும் போட்டவை."

"உம்மையோ? அவைக்குத் தெரியாதோ?"

"பொம்பிளைக்குத் தெரியும். வையுங்கோ எண்டவள்." பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இவனை இருபத்தேழு வருசமா இந்தக் கையாலதான் குளிக்க வாத்து, சோறு தீத்தி வளத்தனான். அப்ப வராத கெடுதி இண்டைக்குக் காலமை பஸ் பிடிச்சு வரப்போகுதோ?"

முதலில் சிரித்தது பத்மநாதனின் இரண்டாம் மனைவி றோஸ்மலர். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். பத்மநாதன் மாப்பிள்ளையைப் பார்த்தார், அவனாவது தடுப்பான் என்று.

"கெதியா வையுங்கோ அம்மா" என்றான் பாலேந்திரா தலையைக் குனிந்து.

அவள் உச்சியில் புல்லை வைத்து அழுத்தினாள். பால் அவன் காதுக்குள் வழிந்தது. "ஐயோ, குளிருது!" என்று அவன் நெளிய, அவள் இன்னொரு கைப்பிடி அள்ளி வைத்தாள்.

பத்மநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சரி, சரி, அடுத்த ஆள் வாங்கோ. நேரம் போகுது."