பல்கலைக்கழகத்துக்குப் பொட்டு வைத்த நாள்

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்ற, புறங்கையால் கழுத்து வியர்வையை வழித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தால், அது எனக்குக் குளிர்கால பூட்ஸ் விற்கப் பார்க்கிறது. வெளியே ஒன்பது டிகிரி, மழை வரும், குடை எடுத்துக்கொள் என்று ஜெர்மன் மொழியில் அக்கறையாகச் சொல்கிறது. பாவம், அதைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழகத்தின் வலையமைப்புக்குள் நுழைய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வி.பி.என். என்று பெயர். எங்கள் துறையில் எல்லோரும் அதைச் 'சுரங்கம்' என்றே சொல்வார்கள். சுரங்கத்துக்குள் போய்விட்டால், நீங்கள் செம்பாக்கத்தில் இருந்தாலும் சரி, சந்திரனில் இருந்தாலும் சரி, கணினியைப் பொறுத்தவரை ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், பல்கலைக்கழகக் கட்டடத்தில், சமர்த்தாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சுரங்கத்துக்குச் சாவியும் உண்டு. கடவுச்சொல் மட்டும் போதாது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு. ஒரு முனையைக் கணினியில் செருக வேண்டும், நடுவில் பொன்னிறத்தில் இருக்கும் சின்ன வட்டத்தை விரலால் தொட வேண்டும். தொட்டால்தான் கதவு திறக்கும். அதைக் கையில் கொடுத்த அன்று மூன்று பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தண்ணீரில் போடாதே, வெயிலில் வைக்காதே, அடுத்தவரிடம் கொடுக்காதே, நாய் கடிக்கும் இடத்தில் வைக்காதே. ஆமாம், நாயைக்கூட எழுதியிருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் எதையும் விடமாட்டார்கள். ஆனால் ஆயுத பூஜை என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் அங்கே இருந்ததில் எனக்கும் அது மறந்துபோயிருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

அந்த எட்டு வருடமும் ஒப்பந்த வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் புதுக் காகிதம் நீட்டுவார்கள், நான் குனிந்து கையெழுத்துப் போடுவேன். வெளிநாட்டில் இப்படிக் காகிதத்தை நம்பிக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த முறை மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கூடவே, நிரந்தரப் பணி ஒன்றுக்கான அறிவிப்பும் வந்தது. உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். விண்ணப்பத்தைப் பல்கலைக்கழக உள்வலையில், சுரங்கம் வழியாகத்தான் போட முடியும், கடைசி நேரம் ஆயுத பூஜை அன்று, அவர்களுக்கு மதியம் பன்னிரண்டு மணி, நமக்கு மூன்றரை. கிடைத்தால் ஆயுசுக்கும் அங்கே. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். லீவில் வந்தவள் ஏன் கடைசி நாள்வரை வைத்திருந்தாய் என்று என்னைத் திட்டாதீர்கள். எங்கள் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்து சேர்ந்ததே அன்று பதினொன்றரைக்கு.

கடிதம் வந்ததும் உட்கார்ந்து அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அம்மா சமையலறையிலிருந்து, "பூஜை வைக்கிற நேரத்துல குளிக்காம கொள்ளாம உக்காந்துகினு கீறியே, எழுந்து போடீ" என்று மூன்றாவது தடவையாகக் கத்தினாள். சரி, நாலு மணி நேரம் இருக்கிறதே, குளித்துவிட்டு வந்து நிதானமாகப் போடலாம் என்று போனேன். இருபது நிமிஷம்தான். திரும்பி வந்தால் மேஜை காலி.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை. மூன்று மெஷின், நாலு ஆட்கள். வருடம் முழுக்கக் கரிபடிந்த பேண்ட்டில் அலைகிற மனிதர், ஆயுத பூஜை அன்று மட்டும் கரை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, மெஷின்களுக்கு மாலை போட்டு வணங்குவார். அன்றைக்குச் சாமியே வந்து ஒரு போல்ட் கடைந்து கொடு என்று கேட்டாலும் மெஷினைத் தொடமாட்டார். நான் பள்ளியில் படிக்கும்போது, அவருடைய பெரிய வாடிக்கைக்காரர் ஒருவர் ஆயுத பூஜை அன்று மதியம் காரில் வீட்டுக்கே வந்துவிட்டார். உடைந்துபோன ஷாஃப்ட் ஒன்று அவர் கையில். அவசரம், ஒரு மணி நேரம் மெஷின் போட்டால் போதும் என்று கெஞ்சினார். அப்பா அவருக்குச் சுண்டலும் பொரியும் கொடுத்து, காபி கொடுத்து, நாளைக்குக் காலையில் முதல் வேலை உங்களுதுதான் சார் என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் அதற்கப்புறம் வரவே இல்லை. அப்பா அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் அப்போது அந்தப் பண்டிகையின் மேல் கொள்ளைப் பிரியம், ஏனென்றால் கணக்குப் புத்தகத்தை முதலில் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்துவிடுவேன். படிக்கவே கூடாது, சாமி குத்தம்.

அப்பேர்ப்பட்டவர் கூடத்தில் பலகை போட்டு வரிசையாக அடுக்கியிருந்தார். ஸ்பேனர் செட், அளவெடுக்கிற வெர்னியர், சுத்தியல், அம்மாவின் தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி. பிளக்கைப் பிடுங்கி எடுத்துவந்த வை-ஃபை மோடம். நட்டநடுவில் என் மடிக்கணினி. மூடியில் மூன்று பட்டை விபூதி, மையத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம், சுற்றி ஒரு முழம் கதம்பம். அதன் பக்கத்தில் வெற்றிலைமேல் பல்கலைக்கழகச் சாவி, தலை முதல் கால்வரை சந்தனக் காப்போடு.

"அப்பா, இன்னாப்பா இது?"

"இன்னான்னா? எல்லார் ஜாமானும் வச்சாச்சு. சோறு போடுற ஜாமான், உன்னுது மட்டும் வுட்டா நல்லாவா கீது? அதான் நானே எடுத்தாந்து வச்சேன்." முகமெல்லாம் பெருமை.

"ஐயோ, அதுல எனக்கு வேலை இருக்குப்பா. மூணரைக்குள்ள அனுப்பணும்."

"சூடம் காட்டியாச்சு," என்றாள் அம்மா. "இனிமே நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்." சொல்லிக்கொண்டே அவள் தன் ஃபோனில் பூஜையைப் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"ஃபோன் மட்டும் ஆயுதம் இல்லையா?"

"அது இல்லாம எப்படிடீ போட்டோ எடுக்கறது?" என்றாள்.

பக்கத்து வீட்டு ரேவதி அக்கா பள்ளி ஆசிரியை, அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு. ஓடினேன். சாவி இல்லாமல் அங்கே போய் என்ன செய்யப் போகிறேன் என்றுகூட யோசிக்கவில்லை, அப்படி ஒரு பதற்றம். அக்கா கதவைத் திறந்து, "எங்க வீட்லயும் சிஸ்டம் பூஜைல இருக்கு மஞ்சு. மேல பசங்க புக்ஸ் எல்லாம் அடுக்கிட்டேன். நாளைக்குக் காலைல வாயேன்" என்று ஒரு கிண்ணம் சுண்டலைக் கையில் திணித்தார். இரும்புலியூர் வரை நடந்தாலும் இதே பதில்தான் கிடைக்கும் என்று புரிந்தது.

இரண்டு மணிக்கு மேல்தான் கூடம் காலியானது. அப்பா பூசணிக்காய் உடைக்கத் தெருவுக்குப் போன நேரம், நான் பலகை முன்னால் பக்தியாக மண்டியிட்டேன். முனைவர் பட்டம் வாங்கியவள், வயது முப்பத்தேழு, சொந்த மடிக்கணினியைத் திருடப் பார்க்கிறேன். பூவை நகர்த்தாமல் மூடியை மெல்லத் திறந்து, என் ஃபோன் வழியாக இணையம் கொடுத்து, சாவியைச் செருகினேன். விளக்கு எரியவில்லை. செருகும் பட்டையின் இடுக்கெல்லாம் சந்தனம் காய்ந்து கெட்டித்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தால் இன்னும் உள்ளே போய் அப்பிக்கொண்டது.

மொட்டை மாடிக்கு ஓடிப்போய் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். மார்ட்டின் என்று ஒருவர் எடுத்தார். மிக நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே.

"உங்கள் சாவியை வேறு யாராவது தொட்டார்களா?"

"என் அப்பா."

"அவர் அதை என்ன செய்தார்?"

"வணங்கினார்" என்றேன்.

மறுமுனையில் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்கள் படிவத்தில் தொலைந்தது, திருடப்பட்டது, சேதமடைந்தது என்று மூன்றுதான் இருக்கின்றன. சேதமடைந்தது என்று போடட்டுமா?" என்றார்.

"வேண்டாம், வேண்டாம்! போட்டால் முடக்கிவிடுவீர்கள்!"

"ஆமாம். ஆனால் கவலைப்படாதீர்கள், அடையாள அட்டையோடு நேரில் வந்தால் அடுத்த நிமிஷமே புதுச் சாவி தருகிறேன். அல்லது உங்கள் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம்."

நான் எங்கே இருக்கிறேன், இன்றைக்கு என்ன நாள் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். கருவிகளுக்கெல்லாம் ஓய்வு நாள், நாளைவரை அவற்றைத் தொடக் கூடாது என்றேன். விளங்காதவர்போல் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று, "ஓ, எங்கள் ஞாயிற்றுக்கிழமை போலவா?" என்றார். பேசின வேகத்தில் நானும், "ஆமாம், அதேதான்" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, புல் வெட்டக் கூடாது. காலிப் பாட்டில்களைத் தொட்டியில் போடக்கூடக் கூடாது. போன புதிதில் நான் ஒரு ஞாயிறு மத்தியானம் நாலு பாட்டில் போட்டுவிட்டு, கீழ்வீட்டு அம்மாளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை. "அப்படியானால் மன்னியுங்கள்," என்றார் மார்ட்டின், குரலில் அத்தனை மரியாதை. "இன்று அதைப் பயன்படுத்துவது சரியில்லையே. உங்கள் அம்மா சொல்வதுதான் நியாயம்." ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து என் அம்மாவுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

போனை வைத்தபோது மணி இரண்டே முக்கால். எனக்கு அழுகை வந்துவிட்டது. படியில் அப்பா நின்றிருந்தார். பேச்சு புரிந்திருக்காது, குரல் புரிந்திருக்கும்.

"இன்னாம்மா? அவ்ளோ முக்கியமா அது?"

"இது போச்சுன்னா மார்ச்சோட அங்க எல்லாம் முடிஞ்சுதுப்பா. எல்லாத்தையும் காலி பண்ணிட்டு வந்துட வேண்டியதுதான்."

கீழே கூடத்திலிருந்து அம்மா, "வந்தா வரட்டுமே. வூடு இல்லியா, வாசல் இல்லியா?" என்றாள். அவள் அதைச் சண்டைபோலச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அழுகை வந்தது. அந்த இரண்டு பேரும் எட்டு வருடமாக என்னிடம் ஒரு தடவைகூடத் திரும்பி வா என்று கேட்டதில்லை.

அப்பா கீழே போனார். நானும் பின்னால் போனேன். அவர் பலகை முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டி சூடம் ஏற்றி, என் மடிக்கணினிக்கும் சாவிக்கும் மட்டும் தனியாகக் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டையும் ஒரு விரல்கடை வடக்கே நகர்த்தினார்.

"இந்தாய்யா, இன்னா பண்ற?" என்று அம்மா பதறினாள்.

"மறுபூஜை. இதுக்கு மட்டும் விஜயதசமி இப்பவே வந்துட்ச்சுன்னு வச்சிக்கோ."

"நாளு இன்னா உன் இஷ்டத்துக்கு வருமா? மெஷினைத் தொடமாட்டேன்னு கார்ல வந்தவனையே திருப்பி அனுப்பின ஆளு நீ!"

"அது எனக்கு. இது கொயந்தைக்கு," என்றார் அப்பா. அவ்வளவுதான். முப்பத்தேழு வயதுக் குழந்தை நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொரோனா காலத்து சானிடைசர் பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டு, சாவியைத் தேய்க்க ஆரம்பித்தார். மயிரிழை பிசகாமல் இரும்பு சீவுகிற கை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனவள், பட்டறையில் கருவி துடைக்கிற பனியன் துணியைத் தானே கொண்டுவந்து நீட்டினாள். "நல்லாத் தொடை, அந்த ஓரத்துல கீது பாரு" என்று மேற்பார்வை வேறு. மாடியில்தான் சிக்னல் நன்றாக இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். செருகினேன். சாவியில் பச்சை விளக்கு எரிந்தது. பொன்வட்டத்தைத் தொட்டேன், சுரங்கம் திறந்தது. கடிதத்தை ஏற்றி, ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்து, அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது மணி மூன்று இருபத்திரண்டு. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி தெரிந்தது.

அப்பா பனியன் துணியைத் தோளில் போட்டபடி கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தார். "போயிட்ச்சா?"

"போயிடுச்சுப்பா."

"கெடைச்சா அங்கியேதானா?"

"அங்கயேதான்."

தலையை ஆட்டினார். செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. என்னவாவது பேச வேண்டும்போல் இருந்ததால், "மொதல்ல சூடம் காட்டும்போது எனக்காக என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"இந்த வேலை உனக்குக் கெடைக்கணும்னு." கொஞ்ச நேரம் துணியை மடித்தார், பிரித்தார். "கெடைக்கக் கூடாதுன்னும். ரெண்டுந்தான் வேண்டிகினேன். நான் இன்னா பண்றது சொல்லு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "பொத்தானை அழுத்தும்போது நானும் ரெண்டும்தான்பா வேண்டிக்கிட்டேன்" என்றேன். அது பொய்யில்லை.

அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் கீழே பூஜை இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்போ சாமி பாடுதான் பேஜாரு."