பரீட்சைக்கு வராத நான்கு பேர்

அன்னூர் பக்கத்துத் தனியார் பள்ளியொன்றில் மாணவர் ஆலோசகராக இருக்கும் சாய்ப்ரியாவுக்கு ஊருக்குள் ஒரு பெயர் உண்டு: பரீட்சை பயத்தைப் போக்குகிற மேடம். ஆறு வருடங்களுக்கு முன், பரீட்சைக்குப் போகும் முன் அரைமணி நேரம் படத்துக்கு வண்ணம் தீட்டினால் பிள்ளைகளின் பயம் குறைகிறது என்று அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பள்ளி வாசலில் அதற்கொரு பெரிய பேனரும் தொங்கியது.

போன ஆடியில் சத்தியமங்கலத்திலிருந்து முஸ்தபா என்ற ஆலோசகர் போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், நீங்க எழுதினபடியே செஞ்சு பார்த்தேனுங்க. எங்க பசங்களுக்குப் பயம் கொஞ்சமும் கொறையலீங்க. நான் எங்கயாச்சும் தப்புப் பண்ணிப்போட்டேனுங்களா? உங்க பழைய தாளெல்லாம் அனுப்பினீங்கன்னா ஒத்துப் பார்த்துக்குவேன்."

அவர் எங்கே தவறினார் என்று காட்டத்தான் சாய்ப்ரியா பீரோவைத் திறந்தார். முதல் வாரம், பயத்தை அளக்கும் கேள்வித்தாளை நிரப்பிய பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். பரீட்சையன்று காலை, வண்ணம் தீட்டியபின் அதையே நிரப்பியவர்கள் பதினெட்டு பேர். விடுபட்ட நால்வரும் முதல் வாரத்தில் அதிகம் பயந்தவர்கள். பயத்தில் அன்று பள்ளிக்கே வரவில்லை. அவர்கள் இல்லாததால்தான் சராசரி இறங்கியிருந்தது. முதல் வாரக் கணக்கிலிருந்தும் அவர்களைக் கழித்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் முஸ்தபாவைக் கூப்பிட்டார்.

"தப்பு உங்க பக்கம் இல்லீங்க. எம்பக்கந்தான்."

இருவரும் சேர்ந்து மறுபடியும் செய்தார்கள். இரண்டு பள்ளிகள், இருநூறு பிள்ளைகள். பாதிப் பேர் வண்ணம் தீட்டினார்கள், பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வராதவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இரு பாதிக்கும் வித்தியாசம் இல்லை.

சாய்ப்ரியாவின் பள்ளித் தாளாளர் தம்பிதுரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னொருக்கா செஞ்சு பாருங்க அம்மணி. நல்லதா வந்தாலும் வருமில்லீங்க?"

"நல்லதா வர்ற வரைக்கும் செஞ்சா, அது ஆராய்ச்சி இல்லீங்க சார்."

அவர் ஜன்னல் வழியே பள்ளி வாசலைப் பார்த்தார். "பேனர் போன மாசந்தானுங்க புதுசா அடிச்சோம்."

பேனர் தை வரை இருந்தது. பிறகு காற்று கிழித்தது. திருத்தக் கட்டுரை இரண்டு பக்கத்தில் வெளியானது. வாழ்த்துச் சொல்லி ஒருவரும் போன் செய்யவில்லை, முஸ்தபாவைத் தவிர.

வண்ணப் பென்சில்களைப் பிள்ளைகள் கேட்டால் இன்றும் கொடுக்கிறார்கள், பிடித்திருக்கிறதாம். சாய்ப்ரியா பரீட்சை நாள் காலையில் வராதவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போன் செய்கிறார். மார்ச்சில் ரித்திகா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். கதவைத் திறந்தவள் சீருடையில்தான் இருந்தாள். இருவரும் வாசற்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் பரீட்சைக்கு அவள் வந்தாள்.

இந்த முறைக்குப் பலன் இருக்கிறதா என்று முஸ்தபா கேட்டார்.

"ஒரு புள்ள வந்தா. அதுக்கு மேல இன்னும் தெரியலீங்க" என்றார் சாய்ப்ரியா.