விருந்தாளிகள் கொண்டுபோன ரத்தம்

விருதுநகரில் நாங்கள் சொந்தத்துக்குள்ளேதான் பெண் கொடுத்து எடுப்போம். அக்காவையும் தாய்மாமா மகனுக்கே கொடுத்தோம். அவளுடைய மூத்த பையன் பள்ளிக்கூடம் போகிற வயதில் நடை தளர்ந்து, படுத்த படுக்கையாகி மவுத்தானான்.

மறுவருஷம் மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ரத்தம் கேட்டார்கள். தெருவே கொடுத்தது. லெக்பீஸாகப் பார்த்துப் பார்த்து பிரியாணி வைத்தோம். நம் வீட்டில் கை நனைத்தவரைத் துருவித் துருவிக் கேட்பது எங்களுக்கு வழக்கமில்லை. அவர்களாகவும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிறந்த சின்னவனும் அதே நோயில் போனான்.

போன மாதம் வேறொரு குழு வந்தது.

"இனிமே உங்களையும் சேர்த்துக்கிட்டுத்தான் ஆராய்ச்சியைத் திட்டமிடப் போறோம்" என்றார் அதில் வந்த டாக்டரம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காதான் நிதானமாகக் கேட்டாள்:

"முன்ன எடுத்துட்டுப் போன ரத்தத்துல என்னம்மா கண்டீக?"

அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். "இந்த நோய்க்கான மரபணுவை அந்த வருஷமே கண்டுபிடிச்சிருக்காங்க. பிறந்த உடனே மருந்தை ஆரம்பிச்சா பிள்ளையைக் காப்பாத்திடலாம். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

அக்கா லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"அந்த வருஷம் என் சின்னவன் இன்னும் பொறக்கவே இல்லையேம்மா."