அப்பா உடம்பில் ஊற்றாத தண்ணீர்

காலண்டரில் கத்திரி கழிந்து இருபது நாளாகியும் வெயில் இறங்கவில்லை. படாளத்தைச் சுற்றி ஏரிகள் வெடித்துக் கிடந்தன. விடியுமுன் போனால்தான் தெருக் கிணற்றில் இரண்டு குடம் கலங்கல் தண்ணீர் கிடைக்கும். நான் செங்கல்பட்டில் பி.யு.சி. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

அன்றும் அப்பா ஏரி மண் வெட்டக் கூலிக்குப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, "கலெக்டரு வெயில்ல கறுத்துடப் போறாரு, வூட்லயே குந்துய்யா" என்று சிரித்தார்.

உச்சி வேளையில் இரண்டு பேர் அவரைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஏதேதோ பிதற்றினார். மார்பிலும் முதுகிலும் சிவப்பாகப் பொரிப் பொரியாக இருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துகீறா. தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க, அவளுக்குக் கோவம் வந்துடும்."

அம்மை கண்டவர் உடம்பில், அது இறங்கித் தலைக்கு ஊற்றும் நாள்வரை தண்ணீர் படக்கூடாது. டாக்டரிடமும் போகக்கூடாது. ஊர் வழக்கம் அது. ஈரத் துணியும் கையுமாக நின்ற அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீ படிச்சவன், நைனா. இது ஆத்தாதானா? சொல்லு."

சுரம் வந்து மூன்றாம் நாள்தான் அம்மை முத்து போடும் என்று சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தேன். அப்பாவோ காலையில் சிரித்துவிட்டுப் போனவர். ஆனால் நான் தப்பாகச் சொல்லி ஆத்தா குற்றம் வந்துவிட்டால்? தெருவே வாசலில் நின்றது.

"இருக்கும்மா" என்றேன்.

அம்மா துணியைக் கீழே போட்டுவிட்டு வேப்பிலை ஒடிக்கப் போனாள். அந்தக் கொத்தால் விசிறிக்கொண்டே இருந்தோம். பொழுது சாய்வதற்குள் அப்பா போய்விட்டார்.

அம்மைச் சாவு என்று கேள்விப்பட்டு, மறுநாள் காலை, எடுப்பதற்கு முன்னால் ஊர் ஊராக அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் சைக்கிளில் வந்தார். துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னை வேலியோரம் கூட்டிப்போனார்.

"தம்பி, இது வெறும் வேர்க்குரு. வெயிலு தாக்கிகீது. யாரும் ஒடம்புல தண்ணி ஊத்தலியா?"



அவர் போனதும் அம்மா கேட்டாள். "இன்னா சொன்னாரு?"

"ஆத்தாதான்னாரு."

ஊரில் யார் கேட்டாலும், "ஆத்தா கூட்டிகினு பூட்டா" என்றுதான் அம்மா சொல்கிறாள். ஆடி பிறந்தால் கோயிலில் கூழ் ஊற்றுகிறாள். பானையை நான்தான் தூக்கிப்போகிறேன்.