வெட்டு முட்டை

என் தங்கை கார்குழலி எந்த எண்ணையும் சத்தமாகப் படிப்பாள். பேருந்துச் சீட்டு, கேஸ் சிலிண்டர், அம்மாவின் மாத்திரை அட்டை, எதுவானாலும் ஒவ்வொரு எழுத்தாக வாயால் சொன்ன பிறகுதான் நம்புவாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருப்பவர்கள்கூட எங்கள் கேஸ் நம்பரைச் சொல்லுவார்கள்.

அவளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு கம்பெனியில் ஸ்கேன் மிஷின்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் வேலை. திருவொற்றியூரிலிருந்து அத்திப்பட்டு வரை முப்பத்தொரு இடங்களில் உள்ள மிஷின்கள் அவள் பொறுப்பு. நான் பகலவன், அவளுக்கு ஆறு வயது மூத்தவன். பத்தாவதோடு நிறுத்திவிட்டு, எண்ணூர் சாலையில் உள்ள கண்டெய்னர் யார்டில் டாலி கிளார்க்காக இருக்கிறேன். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும், அதன் பூட்டில் உள்ள சீல் எண்ணையும் எழுதுவதுதான் என் வேலை. ஓர் எழுத்து தவறினால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

அவளுக்கு இந்த வேலையில் ஆசை வந்த நாள் எனக்குத் தெரியும். அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது அம்மாவுக்கு வயிற்று வலி. ஸ்கேன் எடுக்க மூவரும் போனோம். டாக்டர் திரையில் பித்தப்பையைக் காட்டி, "இதோ கல்லு" என்றார். அம்மா சொக்கம்மாள் கல்லைப் பார்த்து அழுதாள். குழலி டாக்டர் கையில் இருந்த கருவியையும் அதன் ஒயரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னா டாக்டர், லைட்டா?"

"இல்லம்மா, சத்தம். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள போய் மோதித் திரும்பி வர்றதை மிஷின் படமாக்குது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா கல்லைப் பற்றியே பேசினாள். இவள் சத்தத்தைப் பற்றியே பேசினாள். பிறகு பாலிடெக்னிக்கில் மருத்துவக் கருவி டிப்ளமோ முடித்தாள். அந்த வகுப்பில் பெண்கள் மூன்று பேர்தான்.

அவளுடைய பையில் விலை உயர்ந்த மீட்டர்களோடு ஒரு ஜெம் கிளிப்பும் எப்போதும் இருக்கும். வயிற்றின் மேல் வைக்கும் கருவிக்குப் புரோப் என்று பெயர். அதன் முகத்துக்குள் நூற்றுக்கும் மேல் நுண்ணிய துண்டுகள் வரிசையாக இருக்கின்றன; சத்தத்தை அனுப்புபவையும் கேட்பவையும் அவைதான். முகத்தில் ஜெல் தடவி, கிளிப்பின் கம்பியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகர்த்துவாள். திரையிலும் ஒரு வெளிச்சம் கூடவே நகரும். எங்காவது அது மங்கினால் அந்த இடத்தில் ஒரு துண்டு செத்துவிட்டது என்று அர்த்தம். "இதுக்குன்னு பெருசா ஒரு கருவி வாங்கணும்னு நெனைச்சிகினு இருந்தேன்ணா. ஒரு கிளிப்பு போதும்" என்பாள்.

சென்ற ஆண்டு ஜூலையில், ஒரு திங்கட்கிழமை காலை, காலடிப்பேட்டையில் டாக்டர் ஞானசெல்வி நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வழக்கமான சர்வீசுக்குப் போனாள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த மிஷினைப் பொருத்தியதும் அவள்தான். மிஷினை அணைத்துப் போட்டால் திரை வர மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைச் சத்தமாகப் படித்தாள்.

"எம் எக்ஸ், நாலு, எட்டு, மூணு, ஒண்ணு, ஏழு."

பிறகு மிஷினின் பின்னால் குனிந்து உலோகத் தகட்டைப் படித்தாள்.

"எம் எக்ஸ், நாலு, சைபர், மூணு, ஒண்ணு, ஏழு."

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண்ணை அழித்துவிடுவார்கள் என்பதால், கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஸ்கேன் மிஷின் ஒவ்வொன்றும் அரசிடம் பதிவாகியிருக்க வேண்டும். எந்த மிஷின், எந்த எண், எந்தக் கட்டடம், எல்லாம் ஏட்டில் இருக்கும். ஏட்டில் இல்லாத மிஷின் இருந்தால் திருட்டுத்தனமாக வைத்திருப்பதாகத்தான் பொருள். மிஷினுக்கு சீல், டாக்டர் மேல் வழக்கு. காகிதப்படி பார்த்தால், காலடிப்பேட்டையில் இருக்க வேண்டிய மிஷின் அங்கே இல்லை. இருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது.

எட்டு எங்கிருந்து வந்தது என்று குழலிக்கு உடனே தெரிந்துவிட்டது. யார்டில் நாங்கள் சைபரைக் குறுக்கே ஒரு கோடு போட்டுத்தான் எழுதுவோம், 'ஓ' என்ற எழுத்தோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. அதற்கு வெட்டு முட்டை என்று பெயர். என் கை வீட்டிலும் அப்படித்தான் எழுதும். ஒரே மேசையில் எழுதி வளர்ந்ததில் அது அவள் கைக்கும் ஒட்டிக்கொண்டது. மிஷினைப் பொருத்திய அறிக்கையில் வெட்டு முட்டை போட்டிருக்கிறாள். அதைப் பார்த்துப் பதிவு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் எட்டு என்று அடித்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் சுவரைப் படிக்கவில்லை.

அன்று மதியம் கம்பெனியில் பேச்சு இதுதான். அவளோடு வேலை செய்யும் பஷீர் நல்லவன். அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தான்.

"இதுக்குப் போய் பேஜார் ஆவாத குழலி. தகட்டு மேல ஒரு ஸ்டிக்கர். எட்டுன்னு அடிச்சு நானே ஒட்டிட்டு வர்றேன். எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

"நான் குனிஞ்சு பாத்தனே."

"நீ ஒரு லூசு. அல்லாரும் அப்டியா கீறாங்கோ?"

"தகட்டுல கீறது அது பொறந்தப்ப வெச்ச பேரு பஷீர். காயிதம் தப்புன்னா காயிதத்த மாத்து. மிஷினு பேர ஏன் மாத்துற?"

"மேனேஜர் இன்னா சொன்னாரு கேட்டியா? உன் எழுத்தால மிஷினுக்கு சீல் வுழுந்தா, நீ வேற வேலை பாத்துக்கன்னாரு."

"கேட்டேன். அதுக்குள்ள தப்ப ஒத்துகினு கவர்மெண்ட் ஆபீசுக்கு லெட்டர் போய்ச் சேரணும். தள்ளு."

டாக்டர் ஞானசெல்விக்குச் சாத்தான்குளம் பக்கம். கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "ஏ பிள்ள, ரெண்டு வருசமா என் சுவத்துல தப்பு நம்பரைத் தொங்கவிட்டுட்டு, இப்ப மிஷினை நிறுத்துன்னா என்ன அர்த்தம்? எண்ணூர்லருந்து வயித்தைத் தள்ளிக்கிட்டு வாற பொம்பளையள நான் எங்க அனுப்ப?"

"தப்பு என்னுது டாக்டர். அதையும் எழுதிக் குடுக்கறேன். நம்பர் சரியாவற வரைக்கும் ராயபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நாமளே போய்ச் சொன்னா அது திருத்தம். அவங்க வந்து கண்டுபுடிச்சா அது குத்தம்."

டாக்டர் மிஷினின் மேல் உறையைப் போட்டார். செவ்வாய்க்கிழமை காலை கடிதத்தோடு இருவரும் மிஷின்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்துக்குப் போய், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தார்கள்.

அன்று அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மிஷினுக்கு சீல் வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றேன்.

"சீல் வெச்சா நல்லதுதானடா? உன் பொட்டிக்கு சீல் இல்லன்னாத்தான குய்யோ முறையோன்னு கத்துவ?"

"யம்மா, அது வேற சீலு."

"இன்னா எழவு சீலோ. எம் பொண்ணு கையெழுத்து முத்து மாதிரி கீதுன்னு டீச்சரே சொல்லிச்சு."

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு போன் வந்தது. அரசின் சோதனைக் குழு காலடிப்பேட்டைக்கு வந்துவிட்டது; குழலி அங்கேதான் இருந்தாள்.

"ண்ணா, உன் பாக்கெட் நோட்டு பழசு நாலஞ்சு எத்துகினு வா. சீக்கிரம்."

என் சூப்பர்வைசர் லூர்து இரண்டு மணி நேரம் கொடுத்தார். பெட்டி எண்களை எழுதிய பழைய நோட்டுகள் யார்டு அலமாரியில் தேதிவாரியாக இருந்தன. ஐந்து எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப். உள்ளே அதிகாரி சுப்புராயன் தகட்டையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளர் கையில் அரக்கும் துணியும் தயாராக இருந்தன.

குழலி மிஷினைப் போட்டாள். மூன்று நிமிடத்தில் திரை வந்தது. திரையில் மிஷினே தன் எண்ணைச் சொல்லும் பக்கத்தைத் திறந்து, வழக்கம்போல் சத்தமாகப் படித்தாள். தொழிற்சாலையிலிருந்து வந்த டெலிவரி காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். மிஷினைப் பொருத்திய அன்று தேதியோடு எடுத்த தகட்டின் படத்தைக் காட்டினாள். மூன்றிலும் சைபர். கடைசியாகத் தன் அறிக்கையை வைத்தாள்.

"இது எட்டு மாதிரிதானேம்மா இருக்கு?"

"அது வெட்டு முட்டை சார். எங்க வூட்டுப் பழக்கம். இவரு எங்கண்ணன், யார்டுல டாலி கிளார்க்."

நான் நோட்டுகளைக் கொடுத்தேன். அவர் ஐந்தையும் புரட்டினார். பக்கத்துக்கு நாற்பது பெட்டி. ஒரு முட்டைகூட வெட்டு இல்லாமல் இல்லை.

"உங்க குடும்பத்துல சும்மா சைபர் போடவே மாட்டீங்களா?"

"போட்டா பொட்டி வேற ஊருக்குப் பூடும் சார்" என்றேன். உதவியாளர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. கடிதத்தின் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் பார்த்தார்.

"நாங்க வர்றது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார். தப்பு தெரிஞ்சுது. அதான் வந்தோம்."

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒருவருக்கும் ஸ்கேன் எடுக்கவில்லை என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டார். தகட்டை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லை, அசல் தகடு. பிறகு உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார்: எழுத்துப் பிழை, நிலையம் தானாகவே முன்வந்து தெரிவித்துள்ளது, சீல் வைக்கத் தேவையில்லை, திருத்திய சான்றிதழ் வரும்வரை மிஷினைப் பயன்படுத்தக் கூடாது. உதவியாளர் அரக்கைப் பையில் போட்டார்.

கடிதம் கொடுத்த ஒன்பதாம் நாள் திருத்திய சான்றிதழ் வந்தது. அதைச் சுவரில் மாட்டும் முன் குழலி என்னை வரச் சொன்னாள். அவள் தகட்டைப் படித்தாள், நான் காகிதத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் டிக் போட்டேன். கம்பெனியின் அறிக்கைப் படிவத்தில் இப்போது புதிதாக ஒரு வரி இருக்கிறது: செக்கில் எழுதுவதுபோல, எண்ணை எழுத்தாலும் எழுத வேண்டும். அந்த வரிக்குப் பஷீர் வைத்த பெயர் 'குழலி கோடு'. மேனேஜரும் அப்படித்தான் சொல்கிறார்.

நான் யார்டில் இன்னும் வெட்டு முட்டைதான் போடுகிறேன். அங்கே அதுதான் சரி.

புதிய சான்றிதழை மாட்டிய அன்று முதலில் வந்தவள் எண்ணூரிலிருந்து ஏழு மாத வயிற்றோடு வந்த ஒரு பெண். "இன்னா மேடம், பத்து நாளா மிஷினுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்றாள்.

"மிஷினு நல்லாத்தான் கீது. பேருதான் தப்பாக் கூப்புட்டுகினு இருந்தோம்" என்று சொல்லிக்கொண்டே குழலி புரோப்பில் ஜெல் தடவி, ஜெம் கிளிப்பை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்தினாள். திரையில் வெளிச்சம் எங்கும் மங்காமல் கூடவே போனது. கிளிப்பைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு டாக்டருக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.