கொய்னாவுக்கு ஒரு சாக்லேட் சட்டை

மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரையைத் தம்பி மூன்றாவது தடவையாகச் சுவரில் துப்பினபோதுதான் எனக்கு யோசனை வந்தது: இந்தக் கசப்புக்கு ஒரு சட்டை போட்டுவிட்டால் என்ன? ஒருநாள் விட்டு ஒருநாள் அவனுக்குக் குளிர்காய்ச்சல். ஆறு வயதுப் பிள்ளை, விலா எலும்பை எண்ணிவிடலாம். மருந்து வயிற்றில் தங்கினால் எழுந்துவிடுவான் என்றார் டாக்டர். தங்க வைப்பது எங்கள் பாடு.

பாளையம்பட்டியில், சிலோனிலிருந்து திரும்பிய ஒருவர் சாக்லேட் கம்பெனி வைத்திருக்கிறார். அப்பாவை நச்சரித்து, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்து, அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நாலு பேரும் திருச்சுழியில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் ஏறினோம். மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. அப்பாவும் இறங்கித் தள்ளினார்.

கம்பெனி என்றால் இரண்டு ஓட்டுக் கொட்டகைதான். ஆனால் வாசனை தெருமுனைக்கே வந்து எங்களைக் கூட்டிப்போனது. வறுத்த கொக்கோக் கொட்டையை, அடியில் தணல் போட்ட ஆட்டுக்கல்லில் அரைக்கிறார்கள். பின்னால் கிணற்றடித் தோட்டம். அங்கே வாழை நிழலில், பனையோலைத் தட்டிக்குள் ஒரே ஒரு கொக்கோச் செடி.

"இங்க காய்க்குமா அண்ணாச்சி?" என்று முதலாளியிடம் கேட்டார் அப்பா.

"நாலு வருசமா எலை மட்டுந்தான் விடுது. நானும் விடாம தண்ணி ஊத்துறேன். ரெண்டு பேருக்கும் பிடிவாதம்."

தம்பி உதிர்ந்த இலை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். பல நாளாயிற்று அவன் சிரித்து.

நாங்கள் உள்ளே வந்தபோது, அரைக்கிற அம்மாள் சாப்பிடப் போயிருந்தாள். எங்கள் அம்மா கை சும்மா இருக்குமா? கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அரைக்க இழுபறியாக இருக்கவே, தோசைமாவுக்குத் தெளிக்கிற மாதிரி ஒரு கை தண்ணீரும் தெளித்துவிட்டாள். இளகிக்கொண்டிருந்த சாக்லேட் நொடியில் கட்டியாகிவிட்டது.

"இதுக்குத் தண்ணியே ஆகாது தாயி," என்று முதலாளி தலையில் கை வைத்தார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"இவ கைப்பட்டா எல்லாம் தோசைதான் அண்ணாச்சி," என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அம்மா.

நான் கட்டியைக் கிள்ளிப் பார்த்தேன். உருட்ட வந்தது. ஓடுகிற சாக்லேட்டை மாத்திரை மேல் எப்படி நிறுத்துவது என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு கைத் தண்ணீரில் முடித்துவிட்டாள். நான் காரணத்தைச் சொன்னதும் முதலாளி மனமிளகி, கருப்பட்டித்தூள் போட்டுப் பிசைந்து, வாழையிலையில் மடித்துத் தந்தார்.

வீட்டில் முதல் உருண்டையைத் தம்பி சப்பினான், மென்றான், நடுவில் கசந்ததும் துப்பினான். "ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுக்கா, ஏமாத்துறேன்னு."

அம்மா தரையைத் துடைத்தாள்.

நாளைக்கு மிளகளவுதான் உருண்டை. மாத்திரையை நாலாக உடைத்து வைக்க வேண்டும். மெல்லாமல் விழுங்குகிற பந்தயம், அப்பா உட்பட எல்லோரும் உண்டு. தோற்பது அவனுக்குப் பிடிக்காது. எதில் மருந்து என்று எனக்கும் தெரியக் கூடாது; தெரிந்தால் என் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும். அம்மாதான் உருட்டிக் கொடுப்பாள். இத்தனை நாள் காய்ச்சலிலும் அவன் எதிரில் சிரித்த முகமாகவே இருந்தவள் அவள்.